யுங், ஆழ்படிமம், கூட்டு நனவிலி: கேள்வி பதில்

கேள்வி: ஆழ்படிமம் என்பது பிறக்கும்போதே மனதில் இருக்கும் படமா?

படம் இல்லை. எல்லா மனிதருக்கும் பொதுவாக, படத்தை உருவாக்கும் போக்குதான் பிறவியில் வருகிறது என்பது சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கின் வாதம். தாய் என்னும் ஆழ்படிமம் ஓரிடத்தில் மேரி ஆகும், இன்னோரிடத்தில் காளி ஆகும். உருவம் பண்பாடு தருவது.

கேள்வி: கனவில் பாம்பு வந்தது. என்ன பொருள்?

உங்களைத் தெரியாமல் சொல்ல முடியாது. பாம்பு என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கனவு அகராதியைத் தொடாதீர்கள்.

கேள்வி: கூட்டு நனவிலிக்கு ஆதாரம் உண்டா?

கூட்டு நனவிலி என்பது மனித குலம் முழுவதற்கும் பொதுவான, நாம் அறியாத மன அடுக்கு. ஆழ்படிமங்கள் இருப்பது அங்கே என்றார் யுங். இதற்கு அவர் அடிக்கடி காட்டிய சான்று, சூரிக்கின் பர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் இருந்த ஒரு நோயாளி. சூரியனில் ஆண்குறி ஒன்று தொங்குகிறது, நான் தலையை அசைத்தால் அதுவும் அசைகிறது, காற்று பிறப்பது அதிலிருந்துதான் என்றார் அவர். பிறகு ஜெர்மன் அறிஞர் டீட்ரிச் வெளியிட்ட, மித்ரன் என்னும் பழங்காலத் தெய்வத்தின் வழிபாட்டுப் பிரதியில், சூரியனிலிருந்து தொங்கும் குழாயே காற்றின் பிறப்பிடம் என்று யுங் படித்தார். அவர் கையில் இருந்தது 1910 பதிப்பு. நோயாளி அதைப் படித்திருக்க முடியாது, ஆகவே அந்தப் படம் கூட்டு நனவிலியிலிருந்து வந்தது என்பது அவர் வாதம். ஆனால் முதல் பதிப்பு 1903லேயே வந்துவிட்டது.

கேள்வி: நோயாளி அதற்கும் முன்பே மருத்துவமனைக்கு வந்துவிட்டாரே?

யுங்கும் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குழாய் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் கிராய்சர் எழுதிய தொன்ம நூலிலேயே இருக்கிறது. நோயாளியிடம் பேசிக் குறிப்பெடுத்த, யுங்கின் உதவியாளர் ஹோனெகரும் 1911இல் இறந்துவிட்டார். இதை நிரூபணம் என்று நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: அப்படியானால் ஒரே கதை நாட்டுக்கு நாடு வருவது எப்படி?

நல்ல கேள்வி. எந்த ஊர்க் குழந்தையும் தூக்கப்படுகிறது, பசிக்கிறது, தனியே விடப்பட்டால் அழுகிறது. இந்த ஆரம்ப அனுபவங்களே மனதில் அச்சுகளாகப் படிகின்றன என்கிறார் ஜீன் நாக்ஸ். அவரும் யுங் மரபைச் சேர்ந்தவர்தான். எனக்கு இதுவே அதிகம் பொருந்துகிறது. கூட்டு நனவிலி ஒரு கருதுகோள். கதைகளையும் கனவுகளையும் வாசிக்க அது பெரிதும் உதவும். அறிவியல் முடிவு என்று மேடையில் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

கேள்வி: பல் விழுவதுபோல் கனவு வந்தால்?

பாம்புக்குச் சொன்ன பதிலேதான். அகராதி வேண்டாம்.

கேள்வி: 12 ஆழ்படிமங்களில் நான் எது என்று ஒரு தேர்வு இருக்கிறதே?

அந்த 12 யுங் வகுத்தது இல்லை. அமெரிக்க எழுத்தாளர் கரோல் பியர்சன் போன்றோர் பின்னால் வகுத்தது. விளம்பரத் துறை எடுத்துக்கொண்டது. இதை இனிக் கேட்காதீர்கள்.

கேள்வி: யுங் ரமணரைச் சந்தித்தாரா?

இல்லை. 1937 டிசம்பரில் இந்தியா வந்தும் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. ரமணர் பற்றி இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிச் சிம்மர் எழுதிய நூலுக்கு 1944இல் முன்னுரை எழுதினார்.