வாசகர் கடிதம்: வெள்ளைப் பூ வந்தும்

அன்புள்ள ஐயா,

என் கணவரின் சிறுநீரகங்கள் செயலிழந்தபோது, அவர் பிழைத்தால் ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மனுக்கு உருளுதண்டம் போடுவதாக நேர்ந்துகொண்டேன். குலதெய்வத்திடம் பூ வாக்குக் கேட்டதில் வெள்ளைப் பூவே வந்தது. ஆனாலும் ஐப்பசியில் அவர் போய்விட்டார். அம்மன் கேட்கவில்லையா, கேட்டும் மறுத்தாளா? நேர்ந்ததை இனிச் செலுத்த வேண்டுமா? விளக்கேற்றும்போதெல்லாம் கோபந்தான் வருகிறது.

ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள அம்மா,

வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பூக்களை இலையில் தனித்தனியே மடித்து வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்கிறோம். கல்யாணத்துக்கும் வீடு கட்டுவதற்கும் தயங்கி நிற்கும் மனத்துக்கு அது துணைதான். ஓர் உயிருக்கு அதனிடம் உறுதி கேட்பது, தெய்வத்தின் வாயில் இரண்டே சொற்களைத் திணித்து ஒன்றைச் சொல்லச் சொல்வதாகும். அந்தப் பூவைக் கொண்டு அம்மனைப் பொய்யாக்க வேண்டாம்.

தங்கள் கோபத்தை நான் குறையாக எண்ணவில்லை. மனைவி சங்கிலியாருக்குத் தந்த வாக்கை மீறிக் கண்ணிழந்த சுந்தரர், திருவெண்பாக்கத்தில் இறைவனைப் பார்த்து, கோயிலில் இருக்கிறீரா என்று கேட்டார். கிடைத்தது ஓர் ஊன்றுகோலும், 'உளோம் போகீர்' என்ற இரண்டு சொற்களும்தான். தம்பிரான் தோழர், இறைவனின் நண்பர் என்று பேர்பெற்ற அவருக்கே அவ்வளவுதான். காஞ்சியில் இடக்கண் வந்த பிறகும் அவர் அடங்கவில்லை. அடியாரை இப்படித் தவிக்கவிட்டு நீர் நன்றாக வாழ்ந்துபோம் என்று திருவாரூரில் ஏசினார், வலக்கண்ணும் வந்தது. ஏசினால் கிடைக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. காது கேளாத ஒன்றை எவரும் ஏசுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் குகைக்குள் ஒருமுறை குனிந்து நுழைந்தபோது, எனக்கு முன்னே நின்ற மலைக்கிராமத்து மூதாட்டி ஒருவர், "போன வருசமும் இதையேதான் கேட்டேன், காதுல போட்டுக்கல. இந்த வருசமும் வந்துட்டேன், பாத்துக்க" என்று, பங்காளியிடம் வழக்காடுவதுபோல் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய பத்து ரூபாய்த் தாளை நீவித் தட்டில் போட்டுவிட்டு வெளியேறினார். கேட்டும் மறுத்தாளா என்ற தங்கள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. கேட்கவில்லையா என்பதற்கு மட்டும், கேட்டாள் என்றே நம்புகிறேன்.

நேர்த்தி, அவர் பிழைப்பதற்காகச் சொன்னது; அது நிறைவேறாததால் தங்கள்மேல் கடன் ஏதும் இல்லை, உருள வேண்டியதில்லை. ஆடியில் கோட்டைக் கோயிலுக்குப் போகத் தோன்றினால், கேட்க வேண்டியதைக் கேட்பதற்காகப் போங்கள்.