தீமோத்தேயுவுக்கு ஒன்று, தீத்துவுக்கு ஒன்றா?

ஐயா, போன வாரம் நீங்களும் அம்மாவும் தாய்மாமாவும் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தீர்கள். பையனுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட் பேசியாகிவிட்டது, வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கப் போகிறோம் என்றீர்கள். பையனோ ஆதிச் சபை வரலாறு படிக்க வேண்டும் என்கிறான். அம்மா அழுதபோது ஆறுதல் சொன்னேன். இப்போது சொல்கிறேன்: அந்த சீட் வேண்டாம்.

அவன் நோட்டைப் பார்த்தேன். அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியர்கள் இருவரில் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் (யூதருக்கு அடையாளமான நுனித்தோல் நீக்கும் சடங்கு) செய்தார், தீத்துவுக்குச் செய்யவில்லை. கீழே சிவப்பு மையில் 'ஏன்?'. தீத்து கிரேக்கன், தீமோத்தேயுவுக்குத் தாய் யூதப் பெண், தகப்பன் கிரேக்கன். அப்படியானால் அவன் யூதனா? தாய் யூதரானால் பிள்ளையும் யூதர் என்ற தாய்வழி விதி யூதரின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது, ஆனால் அது தொகுக்கப்பட்டது சுமார் கி.பி. 200-இல். பவுல் காலத்தில் அந்த விதி உண்டா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். யாரும் சொல்லித்தராமலே உங்கள் பையன் அந்தக் கேள்விக்கு வந்திருக்கிறான்.

இறையியல் கல்லூரி வழி உங்களுக்கே தெரியும். யாரும் யோசிக்காத இடம் கோட்டயம். பாலருவி எக்ஸ்பிரஸில் போய்விடலாம். அங்கே புனித எஃப்ரேம் ஆய்வு நிறுவனத்தில் பழைய கிழக்குச் சபைகளின் மொழியான சுரியானியில் எம்.ஏ. படிக்கலாம். அந்த மொழி எதற்கு என்கிறீர்களா? 3ஆம் நூற்றாண்டுச் சபை ஒழுங்கு நூல் டிடாஸ்காலியா. கிரேக்க மூலம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. முழுதாகக் கிடைப்பது சுரியானியில்தான். யூதரிலிருந்து சபைக்கு வந்தவர்களிடம், பத்துக் கட்டளை உண்டு, இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய பிறகு அவர்கள்மேல் சுமத்தப்பட்ட 'இரண்டாம் சட்டம்' இனி இல்லை என்கிறது. மாதவிலக்கு நாட்களில் ஜெபத்தை விட்டு ஒதுங்கி நின்ற பெண்களிடம், அந்த ஏழு நாளும் பரிசுத்த ஆவி உங்களை விட்டுப் போய்விடுகிறாரா என்று கேட்கிறது. இதைப் படித்துச் சொல்ல நம்மூரில் ஆள் வேண்டாமா?

இதில் வேலை குறைவு, மறைக்க மாட்டேன். அதனால் முதலில் அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு. அப்புறம் பி.எட். முடித்தால் பள்ளிக்கூட வேலைக்கும் போகலாம். பத்திரம் மட்டும் பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது. மாமா கோபப்பட்டால் படட்டும். வட்டி கட்டப் போவது அவரில்லை.

சுரியானியில் 22 எழுத்து, வலமிருந்து இடம். கல்லூரி திறப்பதற்குள் எழுதிப் பழகட்டும். கோட்டயத்துக்கு ஒருமுறை நீங்களும் அவனோடு போய்ச் சேர்க்கை விவரம் கேட்டு வாருங்கள்.