தேய்ந்த லாரி இன்ஜினை மாற்றும்போது எதைக் கூட்டலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: என்னிடம் 2014ஆம் ஆண்டு டாடா 2518 பத்துச் சக்கர லாரி ஒன்று இருக்கிறது, நானேதான் ஓட்டுகிறேன். சங்ககிரியிலிருந்து பெங்களூருக்கு சிமென்ட் ஏற்றிச் செல்கிறேன். கம்மின்ஸ் இன்ஜின் இப்போது ஆயிலைக் குடிக்கிறது, இன்ஜினின் உள்காற்றை வெளியேற்றும் பிரீத்தர் குழாயில் புகை தள்ளுகிறது, தொப்பூர் ஏற்றத்தில் திணறுகிறது. இன்ஜினை இறக்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. அதோடு கூடுதல் டீசல் பாயும்படி டீசல் பம்ப்பைக் கூட்டி வைத்து, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவையும் பெரிதாக மாட்டிவிட்டால் 220 குதிரைசக்தி கிடைக்கும் என்கிறார் மெக்கானிக். செலவோடு செலவாகச் செய்துவிடலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: பம்ப் அளவையும் டர்போ அளவையும் மாற்ற வேண்டாம். அந்தப் பணத்தை வேறு சில இடங்களில் போடுங்கள்.

உங்கள் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது 180 குதிரைசக்தி. பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றழுத்தம்) கசிகிற இன்ஜினில் அந்த 180 முழுதாக இருக்காது. முறையாகக் கட்டினாலே பழைய இழுவை திரும்பிவிடும். அதற்கு மேலும் தேவையா என்பதை நான்கைந்து நடை ஓட்டிய பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.

இறக்குவதற்கு முன்பு, இன்ஜின் ஏன் தேய்ந்தது என்று பாருங்கள். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, உட்புறத்தை விரலால் துடையுங்கள். விரலில் புழுதி ஒட்டினால், ஃபில்டரைத் தாண்டி மண் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். டர்போவின் காற்றிழுக்கும் பக்கத்து இறக்கைகளின் விளிம்பு மழுங்கியிருப்பதும் அதே கதையைச் சொல்லும். ஃபில்டர் கூடு நசுங்கியோ, குழாய் வெடித்தோ, கிளாம்ப் தளர்ந்தோ இருக்கிற வண்டியில் புது இன்ஜினை உட்கார வைத்தால் அதுவும் இதே வழியில்தான் போகும். ஆகவே முதல் மேம்பாடு இங்கேதான்: புதிய ஃபில்டர் கூடு, தரமான சிலிகான் குழாய்கள், போல்ட் போட்டு இறுக்கும் அகலமான கிளாம்ப்கள். இவற்றை மேம்பாடு என்று எந்த மெக்கானிக்கும் சொல்வதில்லை. ஆனால் ஆயுளைக் கூட்டுவதில் இவற்றுக்கு ஈடானது வேறில்லை.

அடுத்தது பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த இன்ஜினின் உடல்பகுதி. இந்த 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினில் பல லேலண்ட் இன்ஜின்களைப் போலக் கழற்றி மாட்டும் லைனர் (சிலிண்டரின் உள்ளுறை) கிடையாது; 102 மி.மீ. துளை பிளாக்கிலேயே குடையப்பட்டிருக்கிறது. ரீபோர் செய்தால், அதாவது தேய்ந்த துளையைச் சற்றுப் பெரிதாகக் குடைந்தால், 0.5 மி.மீ., பிறகு 1 மி.மீ. என்று ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம்; அதற்கும் மேலே போனால் துளைக்குள் ஸ்லீவ் என்னும் உறையை அடிக்க வேண்டியதுதான். ஏற்கெனவே ஒருமுறை குடைந்த பிளாக்கா என்று லேத்தில் அளந்து, ஆறு சிலிண்டருக்கும் அளவைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அளவு எழுதித் தர மறுக்கும் பட்டறையில் இன்ஜினை இறக்க வேண்டாம்.

உதிரி வாங்கும்போது இன்ஜினில் அடித்திருக்கும் தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் சி.பி.எல். (உதிரிப் பட்டியல்) என்று ஓர் எண் இருக்கும். எந்த பிஸ்டன், எந்த டர்போ, எந்த பம்ப் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் அடக்கம். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் பிஸ்டன்கள்கூட இந்த எண் மாறினால் மாறும். 'எல்லாம் ஒண்ணுதாங்க' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

இன்ஜின் பிரிந்து கிடக்கும்போது செய்ய வேண்டிய வேலைகள் இன்னும் உண்டு. பிஸ்டனின் அடிப்பகுதிக்கு ஆயில் பீய்ச்சும் சிறிய நாசில்கள் அடைப்பின்றி இருக்க வேண்டும். பேரிங் கெட்டுப்போன இன்ஜின் என்றால் பழைய ஆயில் கூலரைக் கழுவி மாட்டாமல் புதிதாகவே போடுங்கள், ஏனென்றால் அதற்குள் தங்கிய உலோகத்தூள் புது பேரிங்கைத் தின்றுவிடும். டைமிங் கியர் உறைக்குள் இருக்கும் சிறிய எஃகு டவல் பின் (உறையைச் சரியான இடத்தில் பொருத்த உதவும் ஊசி), நாளடைவில் அதிர்வில் நகர்ந்து வெளியே வந்து பல்சக்கரங்களுக்கு நடுவில் விழும் பழக்கம் இந்த இன்ஜின் குடும்பத்துக்கு உண்டு. இதே இன்ஜின் பொருத்திய டாட்ஜ் பிக்கப் வைத்திருக்கும் அமெரிக்கர்கள் அதற்குக் 'கொலைகார பின்' என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள். அது வெளியே வராதபடி ஒரு சின்னத் தகட்டைப் போட்டு இறுக்கிவிட்டால் போதும். ரேடியேட்டரையும், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் கசிவுச் சோதனைக்கு அனுப்புங்கள். டர்போ தேய்ந்திருந்தால் அதே எண்ணில் புதியது வாங்குங்கள். இவையெல்லாம் முடிந்தும் கையில் பணம் மிஞ்சினால் எக்ஸாஸ்ட் வெப்பமானி ஒன்றை டேஷ்போர்டில் பொருத்தலாம்; ஏற்றத்தில் எப்போது கியரைக் குறைக்க வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். டீசலைக் கூட்டிவிட்டு அதற்கேற்ற காற்று இல்லாவிட்டால் கரும்புகை வரும், எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும், நீண்ட ஏற்றத்தில் பிஸ்டன் தலை உருகும். பெரிய டர்போ போட்டாலும் கீழ் ஆர்.பி.எம்.மில் அது விழித்துக்கொள்ளத் தாமதமாகும். சிமென்ட் லோடோடு ஏறும் உங்களுக்கு இழுவை தேவைப்படுவதே அந்தக் கீழ் ஆர்.பி.எம்.மில்தான். கூடுதல் முறுக்குவிசையைக் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் பின் அச்சிலுள்ள கிரவுன் வீலும் தாங்க வேண்டும் என்பது தனிக்கணக்கு. புகைச் சோதனையில் உங்களுடையதைப் போன்ற பி.எஸ்.3 (பழைய மாசுத் தரம்) டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு; புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு அது. கூட்டி வைத்த பம்ப்போடு அதைத் தாண்டாமல் இருப்பது கடினம், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுச் சோதனையும் உங்கள் வண்டிக்கு ஆண்டுதோறும் உண்டு. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பழைய பிளாக் தேறாது என்றால் டாடாவின் புரோலைஃப் திட்டத்தில் பழைய இன்ஜினைக் கொடுத்துப் புதுப்பித்த இன்ஜினை மாற்றாகப் பெற வழியிருக்கிறது. உள்ளூர் வேலையைவிட விலை கூடும்; ஆனால் வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் வாடகை இழப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் சுருங்கிவிடும். உடைப்புக்கடை இன்ஜினை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கியே தீர வேண்டும் என்றால், எந்த வண்டியில் இருந்தது என்பதற்கான ஆவணமும் பில்லும் இல்லாமல் வாங்காதீர்கள். வேறு இன்ஜினை எப்படி வாங்கி மாட்டினாலும் இன்ஜின் எண் மாறும் என்பதால் ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டியே வாங்கி, ஆர்.சி.யில் புது எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்.

செலவுக்கு மேல்வரம்பு வைக்க ஒரு வழி உண்டு. உங்களுடையதைப் போன்ற மூன்று அச்சு வண்டிக்கு, வெளிமாநிலம் செல்ல உதவும் நேஷனல் பெர்மிட் 15 ஆண்டு வரைதான். உங்களுடையது 2029இல் அதைத் தொடும். அதற்குள் ஓடி மீளாத செலவு எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

வேலை தொடங்கும் முன் உதிரியின் எண், கூலி, உத்தரவாதக் காலம் மூன்றும் எழுதிய மதிப்பீட்டைக் கையொப்பத்தோடு வாங்குங்கள், முடிந்ததும் ஜி.எஸ்.டி. பில்லும் கழற்றிய பழைய உதிரிகளும் உங்கள் கைக்கு வர வேண்டும். ஒற்றை வண்டியைப் பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டுகிறவர் என்பதால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோராக வழக்குத் தொடரும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு. தகராறு வந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.