என் வங்கிக் கணக்கை வரித்துறை வேவு பார்க்கிறதா?

கேள்வி: சேமிப்புக் கணக்கு, யுபிஐ, கிரெடிட் கார்டு என்று நம்முடைய பணப் போக்குவரத்து முழுவதையும் வருமான வரித்துறை பார்த்துக்கொண்டே இருக்கிறதாமே? அப்படியென்றால் தனியுரிமை என்று ஒன்று எதற்கு?

பாதி உண்மை. நீங்கள் டீக்கடையில் ஜிபே செய்த பதினைந்து ரூபாயை டெல்லியில் யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் ஒரு வரம்பைத் தாண்டினால், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வங்கியே எழுதிக் கொடுத்துவிடும். பட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறேன். ஜூன், ஜூலை வந்தால் நாள் முழுக்க இந்த விவரங்களோடுதான் மல்லுக்கட்டு.

2025-26 நிதியாண்டின் விதிப்படி, ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்கில் ரொக்கமாக மொத்தம் 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால் வங்கி வரித்துறைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நடப்புக் கணக்குக்கு 50 லட்சம். புதிதாகப் போடும் வைப்புத்தொகை 10 லட்சம். கிரெடிட் கார்டு பில்லை ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சம், வேறு வழியில் கட்டினால் 10 லட்சம். 30 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்து கைமாறினால் சார்பதிவாளர் அலுவலகம் சொல்லிவிடும். மே 31க்குள் எல்லாம் போய்ச் சேர்ந்து, உங்கள் பான் எண்ணுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருக்கும். 2021 நவம்பரில் வந்த ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் நீங்களும் பார்க்கலாம். வட்டி, டிவிடெண்ட், விற்ற பங்கு எல்லாம் அதில் இருக்கும்.

நீங்கள் பார்க்க முடியாத இன்னொரு தடமும் உண்டு. 2004இல் அமைக்கப்பட்ட நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு, 10 லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகளையும், தொகை எவ்வளவாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியவை என்று படுபவற்றையும் வங்கிகள் தெரிவிக்க வேண்டும். உங்களைப் பற்றி அப்படி ஓர் அறிக்கை போயிருந்தால், வங்கி அதை உங்களிடம் சொல்லக்கூடாது. கறுப்புப் பணத்தைப் பிடிக்க அது தேவை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

என் வேலையில் தினம் பார்க்கும் சிக்கல் வேறு. எண் போய்ச் சேருகிறது, அதன் பின்னால் இருக்கும் கதை போவதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மொய் இல்லாமல் கல்யாணம் கிடையாது. மகள் கல்யாணம் முடிந்த மறுவாரம், மொய்யாக வந்த ரொக்கத்தை அப்பா தன் கணக்கில் கட்டுகிறார். 10 லட்சம் தாண்டினால் அறிக்கை போய்விடும். சரி, கல்யாணப் பரிசுக்குத்தான் வரி இல்லையே என்பார். அந்தச் சலுகை மணமக்களுக்கு வரும் பரிசுக்கு மட்டும்தான், பெற்றவர்களுக்கு இல்லை. உறவினர் கொடுத்தது என்றால் தப்பிக்கலாம். ஆனால் சட்டத்தின் கணக்கில் சித்தப்பா உறவினர், சித்தப்பா மகன் உறவினர் இல்லை! மொய் நோட்டை எடுத்து வரச் சொல்லி, யார் மாமன், யார் மச்சான், யார் வெறும் ஊர்க்காரர் என்று பிரித்து எழுதியிருக்கிறேன். ஒரு குடும்பத்தின் ஐம்பது வருடக் கொடுக்கல் வாங்கல் மொத்தமும் அந்த நோட்டில் இருக்கிறது. அதை வரிக் கணக்குக்காக முன்பின் தெரியாத என்னிடம் விரித்துக் காட்ட அவருக்குக் கூச்சமாக இருந்தது. தனியுரிமை என்று பேசும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நோட்டுதான்.

கூட்டுக் கணக்கிலும் ஒரு கூத்து உண்டு. இரண்டு பேர் பெயரில் கணக்கு இருந்தால், முழுத் தொகையையும் இருவர் பெயரிலும் காட்ட வேண்டும் என்பது விதி. கணவர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 12 லட்சத்தை மனைவி பெயரையும் சேர்த்து வைப்புத்தொகையாகப் போட்டால், வீட்டை விட்டு வெளியே வேலைக்கே போகாத அந்த அம்மாவின் ஏஐஎஸ்ஸிலும் 12 லட்சம் நிற்கும்.

2025 ஜூலையில் பெங்களூரில் நடந்ததும் இதே கதைதான். கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ நிறுவனங்களிடம் விவரம் வாங்கி, சின்னக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. கணக்குக்கு வந்ததெல்லாம் வியாபாரம் என்று எடுத்துக்கொண்டால், மச்சினன் திருப்பிக் கொடுத்த கடனும் விற்றுமுதல் ஆகிவிடும். காய்கறி மாதிரி வரியே இல்லாத பொருளுக்கு வந்த பணமும் அதே மொத்தத்தில் விழும். கடைகளில் கியூஆர் அட்டையை எடுத்துவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். கடைசியில் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று முதலமைச்சர் சித்தராமையா சொல்ல வேண்டி வந்தது.

இனி சட்டம். வங்கியில் கொடுத்துவிட்ட விவரத்துக்குத் தனியுரிமை எதிர்பார்க்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் மில்லர் வழக்கில் சொல்லிவிட்டது. நம் உச்ச நீதிமன்றம் அந்த வழியில் போகவில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆந்திராவில் முத்திரைத் தாள் சட்டத்தைத் திருத்தி, ஆட்சியர் அனுப்பும் யாரும் வங்கியில் இருக்கும் ஆவணங்களைப் புரட்டலாம் என்று வைத்திருந்தார்கள். கனரா வங்கி வழக்கில், 2004இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆவணம் வங்கியின் கையில் இருப்பதாலேயே வாடிக்கையாளரின் அந்தரங்கம் போய்விடாது என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றே அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு, வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் நீக்கியது. பான் எண்ணோடு இணைப்பதை அனுமதித்தது.

ஆக, சட்டம் போட்டு, தேவையான அளவுக்கு அரசு பார்க்கலாம். அந்த அளவை யார் பார்த்துச் சொல்வது? 2026 ஏப்ரல் 1 முதல் செல்லுபடியாகும் புதிய வருமான வரிச் சட்டத்தில், சோதனையின்போது மின்னஞ்சல், கிளவுட், ஆன்லைன் வணிகக் கணக்கு ஆகியவற்றின் கடவுச்சொல்லைத் தாண்டி உள்ளே போகவும் அதிகாரம் இருக்கிறது. அது சோதனைக்கு மட்டும்தான், எல்லோருடைய வாட்ஸ்அப்பையும் படிக்கப்போகிறார்கள் என்று வரும் ஃபார்வர்டுகளை நம்ப வேண்டாம். ஆனால் அந்தச் சோதனைக்கு நீதிபதியின் அனுமதி தேவையில்லை, துறையின் உயரதிகாரி உத்தரவே போதும். எதை வைத்துச் சந்தேகப்பட்டார்கள் என்ற காரணத்தைத் தீர்ப்பாயத்திடம்கூடக் காட்ட வேண்டாம் என்று 2017இலேயே திருத்திவிட்டார்கள். 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தான் விரும்பும் அரசு அமைப்புக்கு விலக்கு தர மத்திய அரசுக்கு இடம் வைத்திருக்கிறது.

அரசு பார்ப்பதைவிட, அரசிடமிருந்து வெளியே போவதுதான் எனக்குப் பெரிய பயம். 2025 அக்டோபரில் வெளிவந்த செய்தி இது: வருமான வரித் தளத்தில் உள்நுழைந்த ஒருவர், தன் பான் எண் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொருவர் எண்ணைப் போட்டால், அந்த ஆளின் முகவரி, வங்கிக் கணக்கு, ஆதார் எண் வரை தெரிந்தது. இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு அடைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குக் கீழே குவித்தால், ஒரு ஓட்டை போதும்.

என்னைக் கேட்டால், வரம்பை ஏற்றுவதைவிட முதலில் வேண்டியது ஒரு பார்வையாளர் பதிவு. ஆதாரில், நம் எண் எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றை நாமே பார்க்கலாம். எஸ்தோனியாவில், தன் விவரத்தை எந்த அரசு அலுவலகம் எடுத்துப் பார்த்தது என்று குடிமகன் தேடிப் பார்க்கும் வசதியே இருக்கிறது. ஏஐஎஸ்ஸிலும் ‘செயல்பாட்டு வரலாறு’ என்று ஒரு பகுதி உண்டு, ஆனால் அது நாம் செய்ததைத்தான் காட்டுகிறது. நம் பக்கத்தை எந்த அதிகாரி, என்றைக்கு, எதற்காகத் திறந்தார் என்று காட்டுவதில்லை.

அப்புறம், பின்னூட்டத்தில் வரப்போகும் கேள்விக்கு இப்போதே பதில்: ஒன்பது ஒன்பது லட்சமாகப் பிரித்துக் கட்டினால் தப்பிக்கலாமா? முடியாது. வரம்பு ஆண்டு மொத்தத்துக்கு, தனித்தனி ரசீதுக்கு இல்லை. அதோடு, அப்படிப் பிரித்துக் கட்டுவதே சந்தேக அறிக்கைக்குக் காரணமாகலாம். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முன் ஏஐஎஸ்ஸைத் திறந்து பாருங்கள். தப்பாக இருக்கும் பதிவின் பக்கத்திலேயே கருத்துச் சொல்லும் பொத்தான் இருக்கிறது. இது எனக்கு உரியதல்ல, இரண்டு தடவை வந்திருக்கிறது என்று அங்கேயே பதியலாம். கூட்டுக் கணக்கு வைத்திருப்பவர்கள் மனைவியின் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.