உங்க தீசிஸ்ல ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோலுக்கு ஆல்பா (கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டுற எண்) 0.31 தான் வந்துச்சுன்னு கேட்டிருந்தீங்களே? அஞ்சு கேள்வியோட மார்க்கத் திருப்பிப் போட்டீங்களா

2, 5, 6, 8, 9 இந்த அஞ்சையும் ரிவர்ஸ் பண்ணாம விட்டிருப்பீங்க, ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோல்ல வழக்கமான வரிசைப்படி அதெல்லாம் எதிர்மறைக் கேள்வி, ஆமான்னு சொன்னா தன்மதிப்பு கம்மின்னு அர்த்தம். 1லேர்ந்து 4 வரைக்கும் மார்க்குன்னா, இந்த அஞ்சுக்கும் போட்ட மார்க்க 5லேர்ந்து கழிச்சிட்டு ஆல்பா மறுபடி ஓட்டிப் பாருங்க.

அப்பவும் ஏறலன்னா எஸ்பிஎஸ்எஸ்ல (புள்ளியியல் மென்பொருள்) ஒவ்வொரு கேள்வியோட ஐட்டம்-டோட்டல் கோரிலேஷன், அதாவது அந்தக் கேள்வி மத்த கேள்விகளோட மொத்த மார்க்கோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பாருங்க, மைனஸ்ல நிக்கிறது மொழிபெயர்ப்புக் கோளாறா இருக்கலாம். 8ஆவது பல மொழியில தகராறு பண்ற கேள்வி. நான் கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு ஆன்ட்டிகிட்ட குடுத்தப்ப "என்மேல எனக்கு இன்னும் மரியாதை வேணும்"ங்கிறத நல்ல விஷயம்னு நெனச்சு சந்தோஷமா 4 போட்டாங்க, தப்பு அவங்க மேல இல்ல, வாக்கியம் அப்படி.

ஒண்ணு மட்டும், ஆல்பா ஏறணும்னு கேள்வியத் தூக்கினா எதத் தூக்கினீங்க, ஏன்னு தீசிஸ்ல கண்டிப்பா எழுதிடுங்க, மறைச்சா அது நேர்மையில்ல.