அடிக்கடி அணி மாறும் கூடைப்பந்து வீரர் திறமை குறைந்தவரா?

அல்சூரிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: "வருஷத்துக்கு ஒரு அணி மாறுகிற 'ஜர்னிமேன்' ஆகிவிடுவானோ என் பையன்?"

அதில் பயப்பட ஒன்றுமில்லைங்க. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் ஆடிய இஷ் ஸ்மித்தை, புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 2010 டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. அப்படியும் 13 அணிகளுக்கு ஆடினார், அது என்பிஏ சாதனை. பதின்மூன்றாவதான டென்வரில் 2023-இல் கோப்பையும் வென்றார்.

கஷ்டம் ஒப்பந்தத்தில்தான். அங்கே பத்து நாள் ஒப்பந்தம் என்றே ஒன்று உண்டு. ஒரு சீசனில் ஓர் அணி ஒருவருக்கு அதை இரண்டு முறைதான் தரலாம். அதன்பின் சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் அனுப்பிவிட வேண்டும். பெட்டியைப் பிரிக்கும் முன்பே அடுத்த ஊர் வந்துவிடும்.

நம் நாட்டில் பலரும் ரயில்வே, வங்கி என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையில் நிலைத்துவிடுகிறார்கள்.

பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில் ஒருமுறை பார்த்தேன். களமிறங்காத ஒரு மூத்த வீரர், விரலில் டேப் சுற்றியபடி, ஸ்கிரீன், அதாவது எதிரணி வீரர் வழிமறித்து நிற்பது, எந்தப் பக்கம் வருகிறதென்று பெஞ்சிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டுத்தான் இளம் பையன்கள் சரியான இடத்தில் நின்றார்கள். அணிகள் தேடி வாங்குவது அந்தக் குரலைத்தான்.

படிப்பை மட்டும் விடவேண்டாம். கோட்டா வேலைக்கும் கல்வித் தகுதி கேட்பார்கள்.