அட்டை இருக்கட்டும், கறுப்புப் பொருக்கைத் தேடுங்கள்

கிறிஸ்துமஸ் விடுமுறையில் 18 பேராகக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் மலையேறப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அட்டை, மார்கழிக் குளிர், முழங்கால் வலி என்று கேட்டுக்கொண்டே வந்து, போன வருடம் உங்களோடு வந்தவர் திரும்பியபின் காய்ச்சலில் ஐசியுவில் கிடந்ததைக் கடைசி வரியில் சொல்கிறீர்கள். உங்கள் பயம் அதுதான் அம்மா.

அட்டை கடித்தால் இரத்தம் விஷமாகும் என்று இணையத்தில் படித்ததை மறந்துவிடுங்கள். நகத்தால் நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். சற்று நேரம் கசிந்துவிட்டு நிற்கும். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், இறக்கத்தில் ஊன்ற ஒரு கம்பு. போதும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவருக்கு வந்தது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் மிகச் சிறிய உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. மழை ஓய்ந்த இந்தக் குளிர் மாதங்களில் இதை அதிகம் பார்க்கிறோம். கடித்தது வலிக்காது. காய்ச்சல் வர 6 முதல் 21 நாள் வரை ஆகும். அதாவது பொங்கல் சமயத்தில் உடம்பு சுடும்போது, காட்டுக்குப் போனதே நினைவிருக்காது. சாதாரணக் காய்ச்சல் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு ஒரு வாரத்தைக் கடத்துவார்கள். அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

போய்வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால், முதலில் உடம்பைத் தேடிப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பில் துணி இறுக்கும் இடம். சிகரெட்டால் சுட்டதுபோல், வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் போங்கள், எல்லோருக்கும் அது வருவதில்லை. போனதும் "காட்டுக்குப் போயிருந்தேன்" என்று முதலில் சொல்லுங்கள். முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனை 'இல்லை' என்றுகூடக் காட்டும். அதனால் சந்தேகம் இருந்தாலே டாக்சிசைக்ளின் தொடங்கிவிடுவோம். விலை குறைந்த மாத்திரைதான். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும்.

முன்னெச்சரிக்கைக்கு என்று நீங்கள் வாங்கி வைத்திருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள். பெயர் தெரியாமல் இரண்டு மாத்திரை போட்டால் நோய் தீராது, கண்டுபிடிப்பதுதான் தள்ளிப்போகும். உண்மையான முன்னெச்சரிக்கை வேறு: முழுக்கை சட்டை, சாக்ஸுக்குள் செருகிய பேன்ட். புல்லில் உட்காராதீர்கள். ஓடையில் குளிக்கும்போது துணியைப் புதர்மேல் போடாதீர்கள். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம். வீடு திரும்பியதும் சோப்புத் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியைத் துவைக்கப் போடுங்கள்.

உங்கள் 18 பேரில் யாருக்காவது காய்ச்சல் என்றால், மற்ற 17 பேருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். அவர்களும் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கட்டும்.